அச்சில் பிறந்த பிழையும் அரத்தில் பிறந்த பிழையும்

திருகோணமலையில் பழங்காசுகளைப் பற்றிப் பேச்செடுத்தால், கேட்டுக்கொண்டிருப்பவர்களில் ஒருவராவது மறுநாள் ஒரு பிஸ்கட் தகரத்தைத் தூக்கிக்கொண்டு வருவார். உள்ளே ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலை பொறித்த சதங்கள், பனை பொறித்த விக்டோரியா காலத்துச் செப்புக்காசு, தொண்ணூறுகளின் இரண்டு ரூபாய்க் குற்றிகள், அவற்றிடையே கறுத்து உருத் தெரியாமற்போன ஒரு செப்புத் துண்டு என எல்லாம் கலந்து கிடக்கும். "அண்ணை, இதுக்கு என்ன விலை வரும்?" என்பதுதான் முதற் கேள்வி. அதற்கு மறுமொழி சொல்லும் முன்பு, அந்தக் குற்றி எப்படிச் செய்யப்பட்டது என்ற கேள்விக்குக் குற்றியிடமே மறுமொழி வாங்க வேண்டும். அண்மைக் காலத்தில் "பிழையாக அச்சான அரிய காசு, இலட்சக்கணக்கில் விலை" என்று கைத்தொலைபேசியில் சுற்றும் காணொளிகளால் இந்தக் கேள்வி முன்னையிலும் அவசரமாகிவிட்டது.

இந்த ஊருக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. சோழர், பொலன்னறுவை அரசர், யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், 1782இல் சிறிது காலம் பிரெஞ்சுக்காரர், 1795இலிருந்து ஆங்கிலேயர் என்று இத்துறையில் கால் வைக்காதவர் குறைவு. ஆகவே எந்தக் காலத்துக் காசும் இங்கு வந்திருக்கலாம். மாரி கழிந்து டச்சுக் குடாவின் மணல் அரிபட்ட பின் எடுத்ததாகவோ, கோணேசர் மலையடியில் முக்குளித்தவர் கொண்டுவந்ததாகவோ ஒரு கதை சொன்னால் மறுப்பதற்கு வழியில்லை. எதற்கும் பொருந்தக்கூடிய கதை எதையும் நிறுவாது என்பதால், கதையைக் கேட்டு மகிழ்ந்துவிட்டுக் குற்றியை மட்டும் பார்ப்பதே முறை.

பார்க்கும்போது முதலிற் பிரித்தறிய வேண்டியது, அது கையால் அடித்த காசா, பொறியில் அடித்த காசா என்பது. கையால் அடிக்கும் முறையில், நிலத்தில் ஊன்றிய ஓர் அச்சின் மேல் உலோக வட்டை வைத்து, மேல் அச்சைப் பிடித்துச் சம்மட்டியால் ஒரே அடி அடிப்பார்கள். வட்டைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும் வளையம் எதுவும் இல்லை. அதனால் உலோகம் போன பக்கமெல்லாம் பரவும், விளிம்பு வெடிக்கும், உருவம் ஒருபுறம் ஒதுங்கும், எழுத்தில் பாதி வட்டுக்கு வெளியே போய்விடும். இராசராசன் காலத்துச் செப்புக்காசுகளிலும், அவற்றைப் பின்பற்றிப் பொலன்னறுவை அரசர்கள் வெளியிட்ட, ஒருபுறம் நிற்கும் உருவமும் மறுபுறம் இருக்கும் உருவமும் கொண்ட காசுகளிலும், நந்திக்குக் கீழே 'சேது' என்று பொறித்த யாழ்ப்பாணத்துக் காசுகளிலும் இதையெல்லாம் காணலாம். எனவே 'சே' மட்டும் விழுந்து 'து' விழாத சேதுக்காசை யாராவது 'பிழைக்காசு' என்று கூடுதல் விலைக்கு நீட்டினால் சிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. காசடித்த அந்த அக்கசாலையின் வழக்கமே அதுதான். வழக்கத்திலிருந்து விலகுவது மட்டுமே பிழையாகும். வழக்கம் எது என்று தெரியாதவருக்குப் பிழையும் தெரியாது. 1801 முதல் கொழும்பில் ஆங்கிலேயர் அடித்த யானை பொறித்த கனத்த செப்புக்காசுகளும் ஏறக்குறைய இதே கரடுமுரடான இனந்தான்.

ஒல்லாந்தர் காலத்துக் குற்றி ஒன்றை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அது இந்த ஊரின் காசு. ஒல்லாந்திலிருந்து கப்பலில் வந்த 'டொயிட்' காசுகள் போதாமையால், 1780களிலும் 1790களின் முற்பகுதியிலும் ஒல்லாந்தக் கம்பெனி இலங்கையிலேயே செப்பில் 'ஸ்ரைவர்' காசுகளை அடித்தது. ஒருபுறம் கம்பெனியின் வீ-ஓ-சீ கூட்டெழுத்தும் அதற்கு மேலே அடித்த இடத்தைக் குறிக்கும் ஓர் எழுத்தும் இருக்கும். மறுபுறம் மதிப்பும் ஆண்டும். கொழும்புக்கு 'சீ', காலிக்கு 'ஜீ', யாழ்ப்பாணத்துக்கு 'ஐ', திருகோணமலைக்கு 'ரீ'. 'ரீ' எழுத்துள்ள குற்றிகள் குறைவாகவே கண்ணில் படுகின்றன. அதனாலேயே நம்மூர்க்காரருக்கு அதன் மீது ஒரு பைத்தியம், அந்தப் பைத்தியத்தை அறிந்தவர்களுக்கு அதில் ஒரு வியாபாரம்.

என்னிடம் காட்டப்பட்ட அத்தகைய ஒன்றைப் பத்து மடங்கு பெருக்கும் வில்லையின் கீழே, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி சாய்த்துப் பார்த்தேன். கூட்டெழுத்தின் கோடுகள் தேய்ந்து, மேற்பக்கம் உருண்டு, மண்ணிறப் பழுப்பில் இருந்தன. மேலேயிருந்த 'ரீ' எழுத்தோ கூரான ஓரங்களுடன் நின்றது. ஒரே குற்றியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு எழுத்துகள் ஒரே அளவில்தான் தேய்ந்திருக்க வேண்டும். ஒன்று கிழவனாகவும் மற்றது குமரியாகவும் இருக்க இயலாது. இன்னும் சாய்த்தபோது, அந்த எழுத்தைச் சுற்றியிருந்த தளம் ஒரு கிண்ணம் போலச் சற்றே குழிந்திருப்பதும், குழிக்குள் நுண்ணிய கீறல்கள் ஒரே திசையில் ஓடுவதும் தெரிந்தன. அச்சு அடித்த எழுத்து மேடாக எழுவது, அச்சிலுள்ள பள்ளத்துக்குள் உலோகம் புகுவதனால். அப்போது சுற்றியுள்ள தளம் தட்டையாகவே இருக்கும். உளியைக் கொண்டு எழுத்தை 'எழுப்ப' வேண்டுமானால் சுற்றியுள்ள உலோகத்தைக் குடைந்தே ஆகவேண்டும். எழுத்து தேய்ந்து மறைந்துபோன ஓர் உண்மையான ஒல்லாந்தக் குற்றியில் யாரோ திருகோணமலையைச் செதுக்கி வைத்திருந்தார்கள். குற்றி பழையது, செம்பு பழையது, ஆண்டும் சரி. எழுத்து மட்டும் புதியது. முழுப் போலியை விட இத்தகைய அரைப் போலியே ஆபத்தானது, ஏனென்றால் மற்ற எல்லாச் சோதனைகளிலும் அது தேறிவிடும்.

முழுப் போலிகளில் பெரும்பாலானவை வார்ப்புகள். உண்மையான காசை மண்ணில் அல்லது வேறொரு பொருளில் பதித்து அச்செடுத்து, உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். குளிரும்போது உலோகம் சுருங்குவதால் மூலக் காசை விட வார்ப்பு ஒரு மயிரிழை சிறியதாகும். எழுத்தோரங்கள் சவர்க்காரக் கட்டியைத் தேய்த்ததுபோல மழுங்கியிருக்கும். விளிம்பைச் சுற்றி இரு பாதிகளும் சேர்ந்த கோடோ, அதை மறைக்க அரம் போட்ட தடமோ இருக்கும். காற்றுக் குமிழ்கள் விட்ட சிறு குழிகளும் இருக்கும். இந்தக் கடைசி அடையாளம் மட்டும் கடற்கரை ஊர்களில் நம்மை ஏமாற்றக்கூடியது. உப்பு நீரில் கிடந்த உண்மையான செப்புக்காசிலும் குழிகள் விழும். ஆனால் உப்பு தின்ற குழி ஒழுங்கற்றது, ஒன்று ஆழமாகவும் மற்றது பரந்தும் இருக்கும், அதன் அடியில் சிவந்த அல்லது பச்சைப் படிவு ஒட்டிக்கிடக்கும். குமிழ் விட்ட குழியோ குண்டூசித் தலைபோல உருண்டு, எழுத்தின் உச்சியிலும் தளத்திலும் ஒரே மாதிரித் தெரியும். கையால் அடித்த இரண்டு காசுகள் ஒருபோதும் இரட்டைப் பிள்ளைகளாகப் பிறப்பதில்லை என்பதும் நினைவில் வைக்கத்தக்கது. ஒரே வெடிப்பு, ஒரே கீறல், ஒரே விளிம்பு வளைவு உள்ள இரண்டு சேதுக்காசுகளைக் கண்டால், அவற்றுள் ஒன்றாவது வார்ப்பு.

வெள்ளிக் காசுகளில் எடை பெருந்துணை, ஆனால் அது தனித்து நிற்காது. இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். ஆண்டுகளுக்கு முன் ஒருவரிடம் விக்டோரியா தலை பொறித்த இந்திய வெள்ளி ரூபாய் ஒன்றை வாங்கினேன். உண்மையான ரூபாய் 11.66 கிராம் எடையும் 91.7 சதவீத வெள்ளியும் கொண்டது. என் குற்றியும் தராசில் 11.66தான் காட்டியது. மனநிறைவோடு ஓராண்டு வைத்திருந்த பிறகே தண்ணீரில் நிறுத்துப் பார்த்தேன். ஒரு கோப்பைத் தண்ணீரைச் சிறு மின்தராசில் வைத்துச் சுழியமாக்கி, காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டால், தராசு காட்டும் எண்தான் காசு இடம்பெயர்த்த நீரின் எடை. காசின் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி வரும். அந்தத் தரத்து வெள்ளியின் அடர்த்தி ஏறக்குறைய 10.3, ஆகவே தராசு 1.13 கிராம் அளவில் காட்டியிருக்க வேண்டும். காட்டியது 1.31. அடர்த்தி 8.9, அதாவது செம்பும் நிக்கலும் கலந்த உலோகம். எடையைச் சரிக்கட்டக் குற்றியைக் கொஞ்சம் தடிப்பாகச் செய்திருந்தார்கள். தடிப்பை அளந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

நகைக்கடைக்குக் கொண்டுபோய் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பது நம்மவரின் வழக்கம். பத்தர் வெள்ளியின் மாற்றைச் சரியாகவே சொல்வார்; ஆனால் 'மாற்றுக் குறைவு' என்பதும் 'போலி' என்பதும் ஒன்றல்ல. இலங்கையின் பத்து, இருபத்தைந்து, ஐம்பது சத வெள்ளிக் காசுகள் 1892இல் தொடங்கியபோது ஆயிரத்தில் 800 பங்கு வெள்ளி கொண்டிருந்தன. 1919இலிருந்து அது 550 பங்காகக் குறைக்கப்பட்டது. போர்க்காலத்தில், 1943இல், இருபத்தைந்து சதமும் ஐம்பது சதமும் வெள்ளியை முற்றாக இழந்து நிக்கல் கலந்த பித்தளைக்கு மாறின. ஆகவே 1920களின் ஐம்பது சதம் உரைகல்லில் மட்டமாகத் தெரிவதே இயல்பு. நல்ல வெள்ளியாகத் தெரிந்தால்தான் யோசிக்க வேண்டும். உரைத்த இடம் வடுவாகிவிடுவதால், காசுக்கு அந்தச் சோதனையை நான் பரிந்துரைப்பதில்லை.

இனிப் பொறியில் அடித்த காசும் அதன் பிழைகளும். உலோகத் தகட்டுச் சுருளிலிருந்து வெறும் வட்டுகள் வெட்டப்படுகின்றன. அவற்றின் ஓரம் உருட்டப்பட்டுச் சற்றே எழுப்பப்படுகிறது. பின்பு ஒரு வளையத்துக்குள் இருந்தபடி இரண்டு அச்சுகளுக்கிடையே ஒரே அழுத்தத்தில் நசுங்கிக் காசாகின்றன. உண்மையான பிழை எதுவானாலும் அச்சைச் செய்யும்போதோ இந்த மூன்று படிகளுள் ஏதோ ஒன்றிலோ பிறந்திருக்க வேண்டும். பிறந்த படிக்குரிய விளைவுகள் அதற்கு அடுத்த படிகளிலும் தொடர்ந்திருக்க வேண்டும். காசு வெளியே வந்த பிறகு ஏற்பட்ட காயத்துக்கு அந்தத் தொடர்ச்சி இராது. எந்தக் காணொளியும் சொல்லாத இந்த ஒரு செய்தியை வைத்துக்கொண்டே பத்தில் ஒன்பது 'அரிய பிழை'களைத் தள்ளிவிடலாம்.

ஓரத்தில் பிறை வடிவில் கடிபட்டது போன்ற இரண்டு ரூபாய்க் குற்றி ஒன்றை மேசையில் வைத்துப் பார்ப்போம். தகடு போதிய அளவு நகராமல், ஏற்கெனவே வெட்டிய துளையின் மேல் வெட்டுக்கருவி மறுபடி விழுந்தால் இப்படி நேரும். அந்தக் குறைவட்டு ஓரம் எழுப்பும் பொறிக்குள் போகும்போது, கடிபட்ட இடத்தில் அழுத்தம் கிடைப்பதில்லை. ஒருபுறம் அழுத்தமில்லாதபோது நேரெதிர்ப் புறத்திலும் அழுத்தம் குறைந்துவிடும். ஆகவே பிறைக்கு நேரெதிரே விளிம்பு மெலிந்து மங்கியிருக்கும். சேகரிப்பாளர் இதை பிளேக்ஸ்லி விளைவு என்பார்கள். பிறகு அச்சு விழும்போது, பிறையை அடுத்துள்ள எழுத்துகளின் உலோகம் வெற்றிடத்தை நோக்கி வழிந்து, அவை அந்தப் பக்கமாக இழுபட்டு மங்கும். அரத்தால் அராவிய குற்றியில் எழுத்து இழுபடாது, கத்தியால் அறுத்ததுபோல நடுவில் நிற்கும்; எதிர் விளிம்பும் தடித்துக் கம்பீரமாக இருக்கும்.

2005ஐ ஒட்டி நமது குற்றிகளின் உலோகம் மாறியது இன்னொரு சோதனையைத் தந்துவிட்டது. அதற்கு முந்திய செம்பு-நிக்கல் இரண்டு ரூபாயையும் நிக்கல்-பித்தளை ஐந்து ரூபாயையும் காந்தம் இழுக்காது. பின் வந்த, முலாம் பூசிய உருக்குக் குற்றிகளை இழுக்கும். முலாம் பூசுவது வட்டை வெட்டிய பிறகு. எனவே உண்மையாகக் கடிபட்ட உருக்கு வட்டில், கடிபட்ட ஓரத்திலும் முலாம் இருக்கும். அரம் போட்டதில் சாம்பல் நிற உருக்கு பல்லை இளிக்கும். திருகோணமலைக் காற்றில் அதை ஒரு மாதம் திறந்து வைத்தாலே போதும், அந்த வாயில் துரு பூத்துவிடும். இதே காற்றுத்தான், கடலோரக் கடைகளின் காசுப் பெட்டியில் கிடக்கும் ஐந்து ரூபாய்களின் பித்தளை முலாமை உரித்துக் கறுப்பும் செம்மையுமாக்குகிறது. அவற்றை 'வேறு உலோகத்தில் தவறுதலாக அடித்த ஐந்து ரூபாய்' என்று கொண்டுவருகிறார்கள். வேறு உலோகமாயின் எடையும் வேறாக இருக்க வேண்டும். அதுவும் அதே அக்கசாலையில் அடிக்கப்பட்ட வேறொரு குற்றியின் எடையோடு பொருந்த வேண்டும். நெருப்பில் வாட்டியதும், அமிலத்தில் போட்டதும், நகைக்கடையில் தங்கமுலாம் பூசியதும் இந்தக் கணக்கில் அகப்பட்டுக்கொள்ளும்.

நடுவிலிருந்து விலகி அடிபட்ட காசில், ஒரு முகத்தில் எந்தப் பக்கம் உருவம் விடுபட்டதோ அதே பக்கம் மறுமுகத்திலும் விடுபட்டிருக்க வேண்டும், ஏனென்றால் இரு அச்சுகளும் ஒரே நேரத்தில் விழுகின்றன. ஒரு முகம் மட்டும் விலகி, மறுமுகம் முழுமையாக இருந்தால் பெரும்பாலும் யாரோ சுரண்டியிருக்கிறார்கள். ஒரு முகத்தில் மறுமுகத்தின் உருவமே கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பிப் பள்ளமாகப் பதிந்திருப்பது மிக விரும்பப்படும் பிழை. முன்னே அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டு அடுத்த வட்டுக்குத் தானே அச்சாவதால் அது நேர்கிறது. போலி செய்பவர் இரண்டு காசுகளை வைஸ் என்னும் பிடிகருவியில் இறுக்கி அதைச் செய்வார். அப்போது பள்ளம் விழும், ஆனால் அதே முகத்தில் முன்பிருந்த உருவமும் நசுங்கியபடி அடியில் எஞ்சியிருக்கும்.

எழுத்து இரட்டித்துத் தெரிவதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். அச்சைச் செய்யும்போதே உருவம் இருமுறை பதிந்திருந்தால், இரு எழுத்துகளும் சம உயரத்தில், உருண்ட மேற்பரப்புடன், மூலைகளில் பிளவு தெரிய நிற்கும். அந்த அச்சில் அடித்த எல்லாக் காசுகளிலும் அது ஒன்றுபோலவே வரும். அடித்த கணத்தில் அச்சு சற்றே உதறினால் எழுத்தின் ஒரு பக்கம் வழிக்கப்பட்டுத் தட்டையான படிக்கட்டுபோல ஆகும். முன்னதற்கு விலை உண்டு, பின்னதற்கு இல்லை. 1998இல் வந்த இரு உலோகப் பத்து ரூபாயின் நடுப்பகுதி இல்லாத குற்றிகளையும் காட்டுகிறார்கள். நடு வட்டு இல்லாமலே அச்சு விழுந்திருந்தால், வளையத்தின் உள்விளிம்பு உலோகம் துளைக்குள் வழிந்திருக்கும். பின்னர் தட்டி எடுத்திருந்தால் உள்விளிம்பு நேராக, கூராக இருக்கும். நான் பார்த்தவை எல்லாம் தட்டி எடுத்தவை. இருபுறமும் தலையுள்ள காசு வித்தைக்காரரின் பொருள். விளிம்பின் உட்புறத்தில் வட்டமாக ஓடும் ஒட்டைத் தேடினால் போதும்.

பிழைக்காசும் அல்லாத, போலியும் அல்லாத மூன்றாவது இனம் ஒன்று உண்டு: ஒருபோதும் இருந்திராத காசு. இராமர் பட்டாபிடேகமும் அனுமனும் பொறித்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் 1818 என்ற ஆண்டும் போட்ட 'அரை அணா'க்கள் இந்தியாவிலிருந்து யாத்திரைப் பைகளில் இங்கு வந்து, பூசையறைகளில் இருக்கின்றன. கம்பெனி தெய்வ உருவம் பொறிக்கவே இல்லை என்று சொல்லி அவற்றை மறுப்பது தவறு. சென்னையில் அது வெளியிட்ட பொன் வராகனில் திருமால் உண்டு. ஆனால் கம்பெனியின் அரை அணாவின் முகத்தில் இருப்பது கம்பெனியின் சின்னமே. பட்டாபிடேகம் கொண்ட ஒன்றை அது அடித்ததில்லை. இவை கோயில் வில்லைகள். அவற்றை வணங்குவதில் எனக்கு ஆட்சேபமில்லை, அரிசியை இழுக்கும் சக்தி உண்டென்று இலட்சங்களுக்கு விற்பவர்களிடம்தான். செம்பு அரிசியை இழுக்காது. அரிசியில் இரும்புத்தூள் கலந்திருந்து குற்றிக்குள் காந்தம் இருந்தால் இழுக்கும்.

அமெரிக்காவின் பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. போன்ற நிறுவனங்கள் காசை ஆராய்ந்து பிளாஸ்டிக் பேழையில் அடைத்து எண் கொடுக்கின்றன. அனுப்பும் செலவைத் தாங்கும் காசுக்கே அது பொருந்தும். பேழைகளிலும் போலிகள் உள்ளன; ஆகவே எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் தேடி, அங்குள்ள படத்தைக் கையிலுள்ள காசோடு கீறலுக்குக் கீறல் ஒப்பிட வேண்டும்.

பழப்புளியும் தேசிக்காயும் சாம்பலும் போட்டுத் துலக்கிய பின் கொண்டுவரப்படும் காசுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். செம்பின் மேல் ஆண்டுக்கணக்கில் வளரும் படலம் உலோகத்தோடு ஒன்றாகப் பிணைந்திருக்கும்; பூசிய பச்சையோ நகப்பூச்சு அகற்றும் திரவத்தில் நனைத்த பஞ்சிலேயே வந்துவிடும். அந்தப் படலம்தான் நமக்கிருக்கும் மிகச் சிறந்த சாட்சி. துலக்கிய காசில் சாட்சி போய்விடுகிறது, விலையும் கூடவே போய்விடுகிறது. நான் மேலே சொன்ன 'ரீ' எழுத்துக் குற்றியில் செதுக்கிய இடத்தை மறைப்பதற்காக முழுக்காசும் ஒருமுறை தேய்த்துக் கழுவப்பட்டிருந்தது. கூட்டெழுத்தின் இடுக்குகளில் மட்டும் பழைய படலம் தப்பியிருந்தது, 'ரீ'யின் இடுக்கில் ஒன்றுமில்லை.

கடைசியாகச் சட்டம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, இன்னும் கண்டெடுக்கப்படாத தொல்பொருள் அரசுக்குரியது. கண்டெடுத்தவர் அதை அறிவிக்க வேண்டும், உரிமமின்றி நாட்டுக்கு வெளியே அனுப்பவும் முடியாது. "மலையடியில் எடுத்தது" என்று விலையை ஏற்றுவதற்காகக் கதை சொல்பவர், கதை உண்மையானால் தன் மேல் தானே வழக்குத் தொடுக்கிறார், பொய்யானால் காசின் மேல். அந்த 'ரீ' எழுத்துக் குற்றியைக் கொண்டுவந்தவரிடம் இதைச் சொன்னபோது, அது அப்பப்பாவின் தகரத்திலிருந்து எடுத்தது என்று உடனே கதையை மாற்றிக்கொண்டார்.